சிற்றூர்களின் லீக்: ஜேர்மன் கைப்பந்தாட்டத்தின் கதை



இரண்டு மாதங்களுக்கு முன்னர் எமது ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். அவருடைய மகன் கிழமைக்கு இரண்டு நாள் கைப்பந்தாட்டப் பயிற்சிக்குப் போகிறானாம். திரும்பி வரும்போது கையும் சட்டையும் ஒரே பிசினாம். “உதைபந்து எண்டால் எங்களுக்கும் விளங்கும். இது என்ன விளையாட்டு அண்ணை? இதில ஏதும் எதிர்காலம் இருக்கோ?” என்று கேட்டார். நேரம் போதாததால் இரண்டு வசனத்தில் பதில் சொல்லி அடுத்த அழைப்புக்குப் போய்விட்டேன். அது எனக்கே திருப்தியாக இருக்கவில்லை. அதனால் கடந்த மாதம் முழு அரைமணி நேரத்தையும் இந்த விளையாட்டுக்கே ஒதுக்கினேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுத்தில் தருகிறேன். பேசியபோது விடுபட்டவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எம்மவர்களில் பலர் கைப்பந்தாட்டம் என்றதும் வலைக்கு மேலால் அடிக்கும் கரப்பந்தாட்டத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட உள்ளரங்கத் தரை, பக்கத்துக்கு ஏழு பேர், 30 நிமிடம் வீதம் இரண்டு பாதி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் வைக்கக் கூடாது, மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. கோலைச் சுற்றி ஆறு மீற்றரில் ஒரு வளைகோடு இருக்கும். அதற்குள் கோல்காப்பாளரைத் தவிர யாரும் கால் வைக்க முடியாது. மறிப்பவர்கள் அந்தக் கோட்டோரம் கை உயர்த்தி வரிசையாக நிற்பார்கள், தாக்குபவர்கள் அங்குமிங்கும் ஓடி இடைவெளி தேடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஊரில் நிலா வெளிச்சத்தில் விளையாடிய கிளித்தட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

டென்மார்க்கில் ஹொல்கர் நீல்சன் என்ற ஆசிரியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைப் போன்ற ஓர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதியிருந்தார். ஜேர்மனியர்கள் தங்கள் கணக்கை 1917 ஒக்டோபர் 29 இல் தொடங்குகிறார்கள். முதலாம் உலகப் போரின் நடுவில், அன்று பேர்லினில் மாக்ஸ் ஹைசர் என்பவர் பெண்கள் விளையாடுவதற்காக விதிகளை வகுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து கார்ல் ஷெலென்ஸ் அதை ஆண்களுக்கு ஏற்றபடி மாற்றினார். ஆனால் அக்காலத்தில் இது புற்றரையில், உதைபந்து மைதானத்தில், பக்கத்துக்கு 11 பேர் ஆடிய ஆட்டம். 1936 பேர்லின் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஜேர்மனி 10க்கு 6 என்று ஒஸ்திரியாவை வென்றபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போருக்குப் பின்னரும் சில காலம் வெளியரங்கக் கைப்பந்துக்குப் பெரும் கூட்டம் கூடியது. பிறகு ஸ்கண்டிநேவியர்களின் உள்ளரங்க ஆட்டம் அதை மெல்ல விழுங்கிவிட்டது. கூரைக்குக் கீழ் மழையும் இல்லை, பனியும் இல்லை, வேகமும் கூட. 1966 இல் மேற்கு ஜேர்மனியில் உள்ளரங்கக் கைப்பந்துக்கு புண்டெஸ்லீகா தொடங்கியது. வடக்கில் எட்டு அணிகள், தெற்கில் எட்டு அணிகள். இரு பக்கமும் மோதிக் கடைசியில் ஒரு சம்பியன். அடுத்த ஆண்டு வெளியரங்கத்துக்கும் ஒரு லீக் தொடங்கினார்கள், அது 1973 உடன் நின்றுபோனது.

முதல் சம்பியன் யார் தெரியுமா? மியூனிச்சும் அல்ல, ஹம்பேர்க்கும் அல்ல. கொலோனுக்குக் கிழக்கே 50 கிலோமீற்றர் தள்ளி, மலைக்காட்டுக்குள் இருக்கும் கும்மர்ஸ்பாக். கொதிகலன் செய்யும் தொழிற்சாலையால் பிழைத்த ஊர். இன்றுகூட அங்கே சுமார் 50,000 பேர்தான். 1970 இல் கெப்பிங்கன் வென்றது. அது மார்க்லின் விளையாட்டுப் புகையிரதங்கள் செய்யும் ஊர். பிறகு டங்கர்சன் என்ற இடம், மிண்டன் நகரத்தின் ஒரு புறப்பகுதி. 1977 இல் இரண்டு பிரிவுகளையும் கலைத்து 14 அணிகளோடு ஒரே லீக் ஆக்கினார்கள். அதில் முதலில் வென்றது மைன் ஆற்றங்கரையில் உள்ள குறோஸ்வால்ஸ்ராட். ஏறத்தாழ 4,000 பேர் வாழும் கிராமம் அது! 1978 முதல் 1981 வரை தொடர்ந்து நான்கு முறை அவர்களே சம்பியன். 1979 இலும் 1980 இலும் ஐரோப்பியச் சம்பியன் கிண்ணமும் அந்தக் கிராமத்துக்குத்தான் போனது. எங்கள் ஊரில் ஒரு வட்டார விளையாட்டுக் கழகம் ஆசியக் கிண்ணத்தை எடுத்து வந்ததாக எண்ணிப் பாருங்கள்.

பெருநகரங்களில் உதைபந்து பணத்தையும் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டது. சிற்றூர்களில் பழைய உடற்பயிற்சிச் சங்கம் ஒன்று, பாடசாலை மண்டபம் ஒன்று, உள்ளூர் முதலாளி ஒருவர் இருந்தால் கைப்பந்து அணி ஒன்று எழுந்து நிற்க முடிந்தது. என் கணிப்பில் இந்த லீக்கின் பலமும் பலவீனமும் அதுவேதான். அந்த முதலாளிக்கு இருமல் வந்தால் கழகத்துக்குக் காய்ச்சல் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கும்மர்ஸ்பாக்கின் முதல் நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஓர் ஓடி வந்தவர். ஹன்சி ஷ்மிட், 1942 இல் ருமேனியாவின் பனாத் பகுதியில், ஜேர்மன் மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அக்காலத்தில் உள்ளரங்கக் கைப்பந்தில் ருமேனியாதான் உலகத்தில் முதல்வரிசை. அவர் புக்காரெஸ்ற்றில் ஸ்தேவா என்ற இராணுவக் கழகத்துக்கு விளையாடினார். 1963 இல் அந்த அணி மேற்கு ஜேர்மனிக்குப் பயணம் வந்தபோது அவர் திரும்பிப் போகவில்லை. இராணுவக் கழகம் ஆகையால் அது ஏதோ கழகம் மாறிய விடயமாக அங்கே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்காது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கும்மர்ஸ்பாக்கில் சேர்ந்தார். பாய்ந்து எழுந்து, மறிப்பவர்களின் கைகள் கீழே இறங்கத் தொடங்கும்வரை அந்தரத்திலேயே காத்திருந்து, அதன் பிறகே எறிவார். லீக்கின் முதல் ஆண்டுகளில் அதிக கோல் போட்டவர் அவரே. கழகம் 1967, 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியச் சம்பியன் ஆனது. பின்னாளில் அவர் ஆசிரியராகப் பணியாற்றினார். 2023 இல் தமது 80ஆவது வயதில் காலமானார்.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு முதியவர். அதற்கு என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் 1996 இல் இந்த நாட்டுக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் வாங்கிய வணிகமாணிப் பட்டம் பையில் இருந்தது, அதை இங்கே யாரும் கேட்கவில்லை. கும்மர்ஸ்பாக் இருக்கும் அதே மாவட்டத்தில் ஒரு சிற்றூர் முகாமில் விட்டார்கள். கைச்செலவுக்கு மாதம் 80 மார்க். மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும். கொலோனில் மாமா மகன் இருந்தான். ரயிலில் ஒரு மணித்தியாலம் சொச்சம். ஆனால் கடிதம் இல்லாமல் போனால் தண்டம். அந்த எல்லைக்குள் இருந்த ஒரே பெரிய விடயம் முதலாம் பிரிவுக் கைப்பந்தாட்ட அணிதான். முகாமுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அந்த முதியவர், தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், ஒரு சனிக்கிழமை கையில் இரண்டு ரிக்கற்றோடு வந்து நின்றார். மனைவிக்கு முழங்கால் வருத்தமாம், இடம் வீணாகப் போகுமாம். அனுமதிக் கடிதம் தேவையில்லாத பயணம் என்பதால் உடனே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஒயிகன் ஹாஸ் மண்டபம் சிறியது. பார்வையாளர் இருக்கைக்கும் ஆடுகளத்துக்கும் இடையில் அதிக தூரம் இல்லை. வியர்வை, பியர், பிசின் எல்லாம் கலந்த ஒரு மணம். அந்த இரைச்சலில் எனக்கு ஜேர்மன் தெரியாதது ஒரு குறையாகப் படவில்லை, யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. களத்தில் எல்லோரையும் விட உயரமாக, 2 மீற்றருக்கு மேல், இடதுகையால் எறியும் ஓர் ஆசியர் நின்றார். யூன் க்யுங்-ஷின், தென் கொரியர். அவரும் 1996 இல்தான் கும்மர்ஸ்பாக் வந்தவர். அவர் ஒப்பந்தத்தோடு வந்தார், நான் விண்ணப்பத்தோடு வந்தேன். அவருக்கும் அப்போது ஜேர்மன் அதிகம் தெரிந்திருக்காது என்ற எண்ணமே எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. ஏழு முறை லீக்கின் அதிக கோல் போட்டவராக வந்தார். 2000/01 பருவத்தில் மட்டும் 324 கோல்கள். மொத்தம் 2,905 கோல்கள், அந்தச் சாதனை நீண்ட காலம் நின்றது.

திரும்பி வரும் வழியில்தான் முதியவர் ஷ்மிட்டின் கதையை மெதுவாக, சொல்லுக்குச் சொல் நிறுத்திச் சொன்னார். “அவரும் உன்னைப் போலத்தான், திரும்பிப் போக முடியாதவர்” என்றார். நல்ல மனதோடு சொன்னார். ஆனால் கணக்காளனாகச் சொல்கிறேன், ஒப்பீட்டில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஷ்மிட்டுக்கு மொழி தாய்மொழி. ஜேர்மன் வம்சாவளி என்பதால் சட்டம் அவருக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. எங்களுக்கு அப்படி இருக்கவில்லை. என் வழக்கு முடிய ஆறு வருடம் எடுத்தது. ஆனாலும் அந்த வசனத்தை நான் மறக்கவில்லை.

இதே ஊரின் இன்னொரு கதை கனமானது. யோவாகிம் டெக்கார்ம், சார்புறூக்கனில் பிறந்தவர், 1978 இல் கோபன்ஹேகனில் சோவியத் ஒன்றியத்தை 20க்கு 19 என்று வென்று உலகச் சம்பியனான மேற்கு ஜேர்மன் அணியின் முதுகெலும்பு. தேசிய அணிக்காக 104 ஆட்டங்களில் 381 கோல்கள். 1979 மார்ச் 30 அன்று ஹங்கேரியின் ததபான்யா நகரில் கும்மர்ஸ்பாக் அணி ஐரோப்பியக் கிண்ண அரையிறுதி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தது. எதிரணி வீரர் ஒருவருடன் மோதி டெக்கார்ம் விழுந்தார். மெல்லிய பிளாஸ்ரிக் விரிப்புக்குக் கீழே இருந்தது கொங்கிறீற் தரை. தலை அதில் அடிபட்டது. 131 நாட்கள் நினைவில்லாமல் கிடந்தார். அப்போது அவருக்கு வயது 25.

எழுந்தபோது பேச்சையும் நடையையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. பழைய பயிற்றுநர் ஒருவர் ஆண்டுக்கணக்காக அவரோடு இருந்து உடற்பயிற்சி கொடுத்தார். அணித்தோழர்கள் அவரைக் கைவிடவில்லை. அவர்களில் ஹைனர் பிரான்ட் முக்கியமானவர். கும்மர்ஸ்பாக்கில் பிறந்து அதே கழகத்துக்கு விளையாடிய, பெரிய மீசைக்காரர். 2007 இல் பிரான்ட் பயிற்றுநராக இருந்த ஜேர்மன் அணி கொலோனில் போலந்தை 29க்கு 24 என்று வென்று உலகக் கிண்ணத்தை எடுத்தது. வீரர்கள் எல்லோரும் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு ஆடிய காட்சியை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். டெக்கார்ம் 2018 இல் சார்லாந்திலிருந்து கும்மர்ஸ்பாக்குக்கே குடிபெயர்ந்தார். விபத்து நடந்து 39 வருடங்களின் பின்னர்.

இனி பணத்துக்கு வருவோம். 80களில் எஸ்ஸன் நகரின் ருசெம் கழகம் மூன்று முறை வென்றது. 1992, 1993 இல் வலாவ் மாசன்ஹைம், ஃபிராங்ஃபேர்ட்டுக்கும் வீஸ்பாடனுக்கும் இடையில் இரண்டு கிராமங்கள் சேர்ந்து அமைத்த கூட்டணி. இந்த இரண்டு கழகங்களும் 2005 இல், ஒரே வருடத்தில், பண விவகாரத்தால் முதலாம் பிரிவு அனுமதியை இழந்தன. ஒவ்வொரு வசந்தகாலத்திலும் கழகங்கள் அடுத்த பருவத்துக்கான வரவு செலவைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். நான் வேலை செய்யும் கந்தோரில் சிறிய கடைக்காரர்களுக்கும் இதையே சொல்கிறோம்: வருமானத்தில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் அது வருமானம் அல்ல, கடன் மாதிரி.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் ஹம்பேர்க். ஒரு தொழிலதிபரின் பணத்தில் எழுந்த அணி, 2011 இல் லீக் சம்பியன், 2013 இல் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் கிண்ணம். 2015 டிசம்பரில் வங்குரோத்து மனு. 2016 ஜனவரியில் அனுமதி பறிபோனது. பருவத்தின் நடுவில் அணி மறைந்தது, அதுவரை ஆடிய ஆட்டங்கள் எல்லாம் அட்டவணையிலிருந்து அழிக்கப்பட்டன. ஐரோப்பாவை வென்று மூன்று வருடம்கூட ஆகவில்லை! இளைஞர்களை வைத்து மூன்றாம் பிரிவில் மீண்டும் தொடங்கி, 2021 இல் முதலாம் பிரிவுக்குத் திரும்பினார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் கீல். வடக்கே பால்டிக் கடலோரத் துறைமுக நகரம். ஓஸ்ற்சே மண்டபம் என்ற அவர்களின் அரங்கம் 1951 இல் திறக்கப்பட்டது. ஸில்ட் தீவில் நின்ற பழைய விமானக் கொட்டகை ஒன்றின் இரும்புச் சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்து கட்டியது. 10,000 பேருக்கு மேல் கொள்ளும். 1990 இல் சுவீடனிலிருந்து மக்னஸ் விஸ்லாண்டர் வந்தார், 1993 இல் நொக்கா செர்டாருசிச் பயிற்றுநரானார். 1994 முதல் கிண்ணம் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டது. புண்டெஸ்லீகாவுக்கு முந்திய மூன்றையும் சேர்த்து 2023 வரை 23 பட்டங்கள். 2011/12 பருவத்தில் 34 ஆட்டங்கள் ஆடி 34 இலும் வென்றார்கள். ஐஸ்லாந்துக்காரரான அல்பிரெத் கிஸ்லாசன் அப்போது பயிற்றுநர்.

சுவரின் கிழக்குப் பக்கம் தனிக்கதை. கிழக்கு ஜேர்மனி 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்த நாடு. ஒன்றிணைந்த பின்னர் 1991/92 இல் கிழக்கு அணிகளையும் சேர்க்க மீண்டும் இரண்டு பிரிவுகளாக ஆடினார்கள். பல கிழக்குக் கழகங்கள் அந்தக் குளிரைத் தாங்கவில்லை. மக்டபூர்க் தாங்கியது. 2001 இல் லீக்கை வென்றது, 2002 இல் சம்பியன்ஸ் லீக்கை வென்ற முதல் ஜேர்மன் அணியானது. 2022 இலும் 2024 இலும் மறுபடி லீக் சம்பியன், 2023 இலும் 2025 இலும் ஐரோப்பியச் சம்பியன்.

எனக்கு மிகவும் பிடித்த நாள் 2014 மே 24. கணக்காளர்களுக்கென்றே படைக்கப்பட்ட நாள். கடைசிச் சுற்றுக்கு முன் கீலும் ரைன் நெக்கார் லோவனும் சமபுள்ளி. கோல் வித்தியாசத்தில் லோவன் ஏழால் முன்னுக்கு. லோவன் கும்மர்ஸ்பாக்கில் 40க்கு 35 என்று வென்றார்கள், ஐந்து கூடியது, மொத்தம் 12. கீல் தன் மண்டபத்தில் பேர்லினை 37க்கு 23 என்று வென்றது, 14. ஒரு முழுப் பருவம், ஆயிரத்துக்கு மேற்பட்ட கோல்கள், கடைசியில் இரண்டே கோலில் கிண்ணம் கீலுக்கு. நான் வீட்டில் கடதாசியும் பேனையும் வைத்துக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். மனைவி, வேலைக்குப் பணம் தருகிறார்கள், இதற்கு யார் தருகிறார்கள் என்று கேட்டார்.

கும்மர்ஸ்பாக் அன்று தோற்றதோடு நிற்கவில்லை. 2013 இல் புதிய அரங்கத்துக்கு மாறியிருந்தார்கள், 4,000 பேருக்குச் சற்று மேல் கொள்ளும். 12 முறை சம்பியன், 1966 முதல் ஒரு வருடம்கூட முதலாம் பிரிவை விட்டுப் போகாத கழகம், 2019 இல் கீழிறங்கியது. கூட்டிச் சென்ற அந்த முதியவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, ஒருவிதத்தில் நல்லது. 2022 இல் திரும்பி வந்தார்கள். 2025 இல் லீக் கிண்ணம் முதல் தடவையாக பேர்லின் ஃபுக்ஸ அணிக்குப் போனது. சிற்றூர்களின் லீக் என்று தலைப்பிட்டுவிட்டு தலைநகரத்தில் வந்து நிற்கிறேன் என்று நேயர்கள் சிரிக்கக் கூடும். ஆனால் அட்டவணையில் லெம்கோவும் கெப்பிங்கனும் கும்மர்ஸ்பாக்கும் அந்தப் பருவத்திலும் இருந்தன.

அந்தத் தாயாரின் கேள்விக்கு இப்போது பதில். முதலாம் பிரிவில் 18 கழகங்கள், ஓர் ஆட்டத்துக்குக் கழகத்துக்கு 16 பேர். பெருக்கினால் 288. அதில் கணிசமானோர் டென்மார்க், சுவீடன், ஐஸ்லாந்து என்று வெளியிலிருந்து வருபவர்கள். ஆகவே, தங்கச்சி, பிழைப்புக்கு இதை நம்பவேண்டாம், படிப்பும் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் பயிற்சியை நிறுத்தவும் வேண்டாம். என் மகள் ஒன்பது வருடம் விளையாடினாள். வெளியூர் ஆட்டங்களுக்கு மற்றப் பிள்ளைகளையும் என் காரில் ஏற்றி ஓடியதில்தான் இந்த ஊரில் எனக்கு நாலு பேரைத் தெரிய வந்தது.

பிசினைப் பற்றி: அது பந்து கையில் பிடிபடுவதற்காகப் பூசுவது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் இன்னும் பரவும். பலாப்பழம் வெட்டிய கைக்கு ஊரில் என்ன செய்வோமோ அதேதான், முதலில் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்துவிட்டுப் பிறகு கழுவச் சொல்லுங்கள்.